பன் வாசனை அடிக்கிற வண்டி

எங்கள் வரிசையில் எல்லா வீடுகளும் ஒன்றுக்கொன்று சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்பவை. ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் தூக்கம் கெடும். நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு இரட்டைத் தொல்லை. இருமலும் கேட்கும், இருமியவரும் கொஞ்ச நேரத்தில் வந்து கதவைத் தட்டுவார். அந்த வரிசையில் நான் கேட்காமல் மூக்கை நுழைக்கக்கூடிய வீடு ஒன்றே ஒன்றுதான், வலது பக்கத்து வீடு. புருஷன் பஸ் டிரைவர். பெண்டாட்டி அதே பஸ்ஸில் கண்டக்டர். ஊரே டிரைவர், கண்டக்டரம்மா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் அவர்களுக்கு கரண்ட் பில்லில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும். டிரைவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். எத்தனை பேர் ஏறினார்கள், யார் படியில் தொங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. பின்வாசலில் நிற்கும் கண்டக்டரம்மா பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினால் வண்டி கிளம்பும். ஒரு தரம் தட்டினால் நிற்கும். அவளுக்கு விசில் கொடுத்திருந்தார்கள். அதை அவள் வீட்டில் பிரஷர் குக்கர் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். "கை இருக்கிறப்ப வாய எதுக்கு வலிக்க வைக்கணும்?" என்பாள். அந்தத் தட்டு அவருடைய காதுக்குப் போய் மூளைக்குப் போய் காலுக்கு வருவதாக எனக்குத் தோன்றியதில்லை. நேராகக் காலுக்கே போய்விடும்.

டிரைவருக்கு ஒரு விஷயத்தில் மகா கர்வம். ஸ்டாப்பிங்கில் அவர் வண்டியை நிறுத்தினால் படிக்கும் நடைமேடைக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருக்காது. மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில்கூட செருப்பு நனையாமல் இறங்கலாம். "என் வண்டியில கண்ண மூடிட்டு இறங்கலாம்யா" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. கேட்கக் கேட்க எரிச்சல் வரும். ஆனால் மனிதர் சொன்னது பொய்யில்லை.

அப்படிப்பட்டவர்களின் பஸ்ஸில் அவர்கள் பெற்ற மூத்த மகளால் ஏற முடியவில்லை. அதுதான் அந்த வீட்டின் கஷ்டம்.

பெரியவளுக்குப் பள்ளிக்கூட வயதில் முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷனில் கட்டி போயிற்று. கூடவே கால்களில் இருந்த உயிரும் போயிற்று. அப்போதிலிருந்து சக்கர நாற்காலிதான். வீட்டில் எல்லோரும் பாய்ந்து பாய்ந்து உதவி செய்ய, அவளுக்கு அது பிடிக்காமல் போய், தச்சனிடம் சொல்லி வழவழப்பாக ஒரு பலகை இழைத்து வாங்கினாள். நாற்காலியில் ஒரு முனை, கட்டிலில் ஒரு முனை. பலகை மேல் வழுக்கிக்கொண்டே இங்கிருந்து அங்கே போய்விடுவாள். அவள் தோள்களைப் பார்த்தால் மூட்டை தூக்குகிறவர்களுக்கே பொறாமை வரும். வீட்டிலிருந்தே படித்தாள். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் லென்ஸைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இவள் போய்ப் பரீட்சை எழுதினாள். வேலை கிடைத்துவிட்டது.

தொழிற்சாலை ஊருக்கு வெளியே, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி. வேடிக்கை என்னவென்றால் அதன் வாசல் அப்பா அம்மா ஓட்டும் பஸ்ஸின் ஸ்டாப்பிங். பரீட்சைக்குப் போன அன்று டிரைவர் அவளை இரண்டு கைகளிலும் ஏந்தித் தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் உட்கார வைத்தார். நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். யாரோ 'ஐயோ பாவம்' என்றார்கள். ஒரு அம்மாள் அவள் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தாள். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பியவள்தான், இறங்கும் வரை திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அப்பா, நான் வேலைக்குப் போவேன். ஆனா தூக்கிட்டுப் போனா போக மாட்டேன்."

"ஏம்மா, அப்பா தூக்கினா என்ன? நீ என்ன பாறாங்கல்லா?"

"பாறாங்கல்லா இருந்தா பரவாயில்லப்பா. அதப் பாத்து யாரும் பாவம்னு சொல்ல மாட்டாங்க. தினமும் காலைல அத்தனை பேர் பாக்க என்னைத் தூக்கிட்டு வந்து இறக்கி விட்டீங்கன்னா, உள்ள போய் நான் எப்படி இந்த லென்ஸ் சரியில்ல, திருப்பி அனுப்புங்கன்னு சொல்லுவேன்? யாரு கேப்பாங்க?"

பிறகு கண்டக்டரம்மா, "கார் வாங்கணுங்க" என்றாள், உப்பு வாங்க வேண்டும் என்பது போல.

கையிருப்பையெல்லாம் திரட்டி, சம்பளத்தின் பேரில் கடனும் எழுதி வாங்கி ஒரு தொகை சேர்த்தார்கள். "இதுக்கு மேல ஒரு டிக்கெட் காசுகூடக் கிடையாது" என்று கண்டக்டரம்மா அறிவித்துவிட்டாள். அந்தத் தொகைக்குப் புதுக் காரின் கதவு ஒன்று வரும், அதுவும் கண்ணாடி இல்லாமல். பழைய வண்டிதான் கதி. அதிலும் நாலு பேர் உட்கார வேண்டும், நாற்காலி பின்னால் ஏற வேண்டும், வழியில் நிற்காமல் ஓட வேண்டும். வேலையில் சேர ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தார்கள். அதற்குள் வராவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவரைக் கூப்பிட்டுக்கொள்வார்களாம்.

கண்டக்டரம்மா தன் பாணியில் தேடத் தொடங்கினாள். "டிக்கெட் டிக்கெட், சில்லறையா எடுங்க, யாராவது பழைய கார் விக்கிறீங்களா, உள்ள தள்ளிப் போங்க" என்று ஒரே மூச்சில் பஸ் முழுக்கக் கேட்டாள். அவளுக்கு ஜனங்களைப் பெயரால் தெரியாது, இறங்கும் இடத்தால்தான் தெரியும். "அண்ணே, தண்ணித் தொட்டிக்காரர் ஒரு வண்டி இருக்குன்னாரு. பள்ளிக்கூட ஸ்டாப்பிங் அம்மாவோட தம்பிகிட்ட ஒண்ணு இருக்காம்" என்று தினமும் ஒரு செய்தியோடு வருவாள். போய்ப் பார்த்தால் ஒன்றுக்கு அடிப்பாகம் முழுக்கத் துரு. இன்னொன்று எங்களைப் பார்த்ததும் புகையைக் கக்கிவிட்டு அணைந்தது. இந்தப் பயணங்களுக்கெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார் டிரைவர். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "யோவ் மருந்து, நீ சும்மா மூஞ்சிய உம்முன்னு வெச்சிட்டு நில்லு. விக்கிறவன் பயந்துக்குவான்" என்பார். அதற்கு நான் பொருத்தமான ஆள்தான் என்று என் மனைவியும் சொன்னாள்.

டிப்போவிலிருந்து ஒரு மெக்கானிக்கும் வருவார். எல்லோரும் அவரை நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு குறைவு. வண்டி கிட்டே போனதும் முதலில் பானட் மேல் கையை வைப்பார். சூடாக இருந்தால், "நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்கான். குளிர்ல ஸ்டார்ட் ஆகாது போல" என்று திரும்பி நடந்துவிடுவார்.

தவணை முடிய மூன்று நான்கு நாட்கள் இருக்கும்போது டிரைவருக்கு ஒரு வண்டி அமைந்தது. பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு மைதானம். மழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது. தரை முழுக்கச் சேறு, அதில் வரிசையாக வண்டிகள். நடுவில் வெள்ளையாக, உயரமாக ஒரு வேன் நின்றது. பானட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நட்டுவுக்கே குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. டிரைவர் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், மனிதருக்கு முகம் மாறிவிட்டது.

"இதுதான்யா வண்டி! மேல உக்காந்து ஊரப் பாக்குற மாதிரி இருக்கு. கிளட்ச்சு மிதிச்சா காலுக்குத் தெரியுது. மத்ததெல்லாம் பொம்ம வண்டி."

கண்டக்டரம்மா பின்னால் ஏறி சீட்டுகளை எண்ணினாள். "நாலு பேரு என்ன, எட்டுப் பேரு வரலாங்க. நிக்கிறவங்க தனி."

"நிக்க வெச்சு யாரக் கூட்டிட்டுப் போகப் போற?" என்றேன்.

"பழக்க தோஷம்ண்ணே" என்று சிரித்தாள்.

இத்தனை நாளும் பெரியவளை அவர்கள் வண்டி பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்ததில்லை. அலைச்சல் வேண்டாம் என்றார்கள். உண்மையில், வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி அவளை அசத்த வேண்டும் என்று டிரைவருக்கு ஆசை. அன்றைக்கு மட்டும் அவள் பிடிவாதமாக, மைதானம் பக்கத்துத் தெருதானே என்று, தங்கச்சி சின்னவள் குடை பிடிக்க நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சக்கரமெல்லாம் சேறு. மடியில் பலகை.

விற்பவன் ரசீதுப் புத்தகத்தோடு நின்றான். டிரைவர் முன்பணத்தைச் சட்டைப் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டப் போனார். பெரியவள் வேனுக்கு அருகே வந்து முன் சீட்டைப் பார்த்தாள். சீட்டு அவள் தாடைக்கு நேராக இருந்தது. பலகையை எங்கே வைத்து எங்கே வழுக்குவது? கிணற்றுக்குள்ளிருந்து ஏறுவது போலத்தான்.

"அப்பா, இதுல நான் எப்படி ஏறுறது?"

"அதுக்கென்னம்மா, நான் தூக்கி உக்கார வெச்சிட மாட்டேனா? ஒரு நிமிஷ வேலை" என்றார், திரும்பாமலேயே. கை நீண்டுவிட்டது. விற்பவன் கையும் நீண்டுவிட்டது.

அப்போது தகரத்தில் ஒரே ஒரு தட்டு விழுந்தது.

டிரைவரின் கை அப்படியே நின்றது. வலது கால் சேற்றில் ஒரு முறை அழுந்தியதை நான் பார்த்தேன், இல்லாத பிரேக்கைத் தேடி. அவர் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். அவள் வேனுக்குள் சீட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளும் திடுக்கிட்டுத்தான் இருந்தாள். தட்டியது பெரியவள். கை இன்னும் வேனின் பக்கவாட்டுத் தகரத்தின் மேலேயே இருந்தது.

"நீங்க தூக்குறதுக்கு வண்டி எதுக்குப்பா?" என்றாள். குரல் உயரவில்லை. "பஸ்ஸே இருக்கே. அதுக்கு டீசலும் நாம போட வேண்டாம்."

விற்பவன், "சார், இந்த விலைக்கு இந்த மாதிரி வண்டி..." என்று ஆரம்பித்தான். நான் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டேன். அந்த மாதத்தில் என்னால் ஆன ஒரே உபகாரம் அதுதான். டிரைவர் பணத்தை மறுபடியும் பைக்குள் வைத்தார். வேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மகளின் நாற்காலிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் குனிந்து விரலால் வழித்துவிட்டார்.

அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முட்டை பொரிக்கும் சத்தம் மட்டும் வந்தது. மறுநாள் மத்தியானம் கண்டக்டரம்மா கைப்பையைக்கூடக் கழற்றாமல் நேராக என் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, பாலத்து ஸ்டாப்பிங்ல ஒரு பையன் இறங்குவான்ல, எப்பவும் முழங்கை வரைக்கும் மாவா இருக்கும்ல, அவன் வேலை பாக்குற பேக்கரியில வண்டி விக்கிறாங்களாம். ஓனரம்மா கடைய அவங்க மவ கிட்ட குடுத்துட்டு ஓய்வா இருக்கப் போறாங்களாம். அந்த மவ புது வண்டி எடுத்துட்டாளாம். வாங்க போவோம், பெரியவளயும் கூட்டிட்டு."

"அவர் என்ன சொல்றார்?"

"அவரு பலகைய எடுத்துக் கக்கத்துல வெச்சிட்டு வாசல்ல நிக்கிறாரு."

பேக்கரியின் பின்பக்கம் ஒரு சிமெண்ட் முற்றம். அடுப்பின் சூடு சுவர் வழியாக வந்து மழைக் குளிருக்கு இதமாக இருந்தது. ஒரு கூரையின் கீழே அந்த வண்டி நின்றது. காருக்கு வால் முளைத்தது போல பின்னால் கூரை நீண்டு போயிருந்த வேகன். மஞ்சளும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் கடுகு அரைத்த மாதிரி ஒரு நிறம். ஒரு பக்கக் கதவு மட்டும் வேறு மஞ்சள். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரத்தை மட்டும் புகழ்ந்துவிட்டு எழுந்துவிடலாமா என்று யோசிக்கிறவர் முகம் அது.

பேக்கரியம்மா பருத்த உடம்புக்காரி. கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். "அழகு பாக்க வந்தீங்கன்னா இப்பவே போயிடுங்க" என்றாள். "தட்டு தட்டா பன்னு ஏத்துறதுக்குன்னு தேடிப் பிடிச்ச வண்டி இது. கால் வலிக்காரி நான். உயரமா இருந்தா எப்படி ஏத்துறது? அதான் தாழ்வா எடுத்தேன். மாசா மாசம் எண்ணெய் மாத்தியிருக்கேன். ஒரு நாள் நின்னதில்ல. நின்னா ஊருக்குக் காலைல ரொட்டி இல்லையே."

நட்டு பானட் மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. எண்ணெய் மூடியைத் திறந்து உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். தரைவிரிப்பைத் தூக்கித் துரு தேடினார். வண்டிக்கு அடியில் அட்டையைப் போட்டுப் படுத்துக்கொண்டு உள்ளே போனவர் கால்கள் மட்டும் வெகு நேரம் தெரிந்தன. எழுந்து வந்ததும், "முன் டயர் ரெண்டும் மொட்ட. பின் கதவத் தூக்கினா நிக்காது, தாங்குற கம்பி செத்துப் போச்சு. மத்தபடி இன்ஜினு சுத்தம்" என்றார். அவருக்கு அது பெரிய பிரசங்கம்.

"பின் கதவுக்கு ஒரு கம்பு வெச்சிருக்கேனே" என்று பேக்கரியம்மா துடைப்பக் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

பெரியவள் யாரையும் கேட்கவில்லை. வேறு மஞ்சள் கதவைத் திறந்தாள். நாற்காலியை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி பிரேக்கைப் போட்டாள். பலகையை வைத்தாள். சீட்டு நாற்காலியைவிட ஒரு கட்டைவிரல் தாழ்வாக இருந்தது. கையை ஊன்றி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு வழுக்கு, இன்னொரு வழுக்கு. பிறகு ஒவ்வொரு காலாக எடுத்து உள்ளே வைத்தாள். சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவள் கை தட்டினாள்.

"இரு, இன்னும் முடியல" என்றாள் பெரியவள் உள்ளேயிருந்து. "இறங்கிப் பாக்கணும். ஏத்தி விட ஊரே வரும். இறங்குறது நம்ம பாடு."

இறங்குவதுதான் கஷ்டம். கட்டைவிரல் உயரம் என்றாலும் மேலேறி வர வேண்டுமே. முதல் தடவை பாதியில் நின்று வழுக்கி சீட்டுக்கே திரும்பிவிட்டாள். டிரைவர் ஓரடி எடுத்து வைத்தார். கண்டக்டரம்மா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள், படியில் தொங்குகிறவனைப் பிடிப்பது போல. இரண்டாம் தடவை பெரியவள் கதவின் மேல்விளிம்பில் ஒரு கையைக் கொடுத்து எம்பினாள். வந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. உடனே மறுபடியும் ஏறி மறுபடியும் இறங்கிக் காட்டினாள். அதில் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடித்திருந்தது.

"ஓட்டிப் பாத்துடுவோம்" என்றார் டிரைவர்.

அவர் ஸ்டேரிங்கில், பக்கத்தில் பெரியவள், பின் சீட்டில் கண்டக்டரம்மா, சின்னவள், நான். உட்கார்ந்ததும் எல்லோருக்கும் பசித்தது. அப்படி ஒரு பன் வாசனை, சீட்டுத் துணி வரைக்கும் ஊறிப் போயிருந்தது. டிரைவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் முனகாமல் எழுந்தது. கியர் போட்டார். வண்டி நகரவில்லை. முற்றத்தில் நின்ற பேக்கரியம்மாவுக்கே முகம் சுருங்கியது.

"என்னாச்சு? வண்டி இழுக்கலையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

டிரைவரும் விழித்தார். அப்போதுதான் கண்டக்டரம்மாவுக்கு உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, கதவில் இரண்டு தரம் தட்டினாள். வண்டி வெண்ணெய் மாதிரி கிளம்பிப் போயிற்று.

"அடப்பாவி மனுஷா! இதுக்கும் ரைட் சொல்லணுமா?"

"நீ சொல்லாம நான் என்னைக்குடி எடுத்திருக்கேன்?" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

திருப்பங்களில் வண்டிக்குப் பின்னால் இன்னும் பாதி பஸ் வருவது போல அகலமாக வளைத்தார். "என்னடா இது, ரோட்டு மேல சப்பணம் போட்டு உக்காந்த மாதிரி இருக்கு. தெரு நாய் என்னை நேருக்கு நேரா பாக்குது" என்று புலம்பினார். பஸ் ஸ்டாப்பிங் வந்தது. யாரும் சொல்லாமலேயே வண்டி ஓரம் கட்டி, ஒரு சாண் இடைவெளியில், அச்சு வைத்தது போல நின்றது. அங்கே குடையோடு நின்றிருந்த ஒரு பெரியவர் நடைமேடையிலிருந்து இறங்கி வந்து கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

"ஐயா, இது பஸ் இல்லைங்க. பின்னால வருது, அதுல வாங்க" என்றாள் கண்டக்டரம்மா.

"நீ இருக்கியேம்மா" என்றார் அவர் குழப்பத்தோடு.

நாங்கள் சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கியது. பெரியவள் மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கதவைத் திறந்து, கீழே குனிந்து, நடைமேடை விளிம்பைப் பார்த்தாள். பலகை வைக்கக் கச்சிதமான இடைவெளி. "அப்பா, எப்பவும் இப்படியே நிறுத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"கண்ண மூடிட்டு இறங்கலாம்மா" என்றார் அவர். அந்த ஒரு தடவை எனக்கு எரிச்சல் வரவில்லை.

விலை பேசுவதற்கு வந்தபோது இன்னொரு சிக்கல். பேக்கரியம்மா விலையைச் சொன்னாள். அவர்கள் கையில் இருந்ததைவிட அது கொஞ்சம் அதிகம். டிரைவர் பெண்டாட்டியைப் பார்த்தார். கண்டக்டரம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். வாழ்நாள் முழுக்க டிக்கெட் விலையில் பேரம் பேசுகிறவர்களை 'அதெல்லாம் இங்க நடக்காது' என்று மடக்கியவள். சொன்ன விலைக்குக் கீழே கேட்பது அவளுக்கு டிக்கெட் இல்லாமல் பஸ் ஏறுவது மாதிரி. "எனக்குக் குறைச்சுக் கேக்கவே வரலைங்க" என்று புருஷன் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

பெரியவள்தான் பேசினாள். "அம்மா, வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. சும்மா குறைங்கன்னு கேக்க மாட்டேன். முன் டயர் ரெண்டும் நாளைக்கே மாத்தணும். பின் கதவுக்குக் கம்பி போடணும். அந்தச் செலவ மட்டும் கழிச்சுக்கலாமா?"

பேக்கரியம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பாவம் என்கிற பார்வை இல்லை. சரக்கு வாங்க வந்த ஆளைச் சரக்கு விற்கிறவள் பார்க்கிற பார்வை.

"டயருக்குக் கழிச்சுக்கறேன். நியாயம். கம்பிக்கெல்லாம் கழிக்க முடியாது. வேணும்னா துடைப்பக் கட்டைய சும்மா தர்றேன்."

"கட்டையும் ரெண்டு பன்னும்" என்றாள் சின்னவள்.

"இவ பொழச்சிக்குவா" என்று பேக்கரியம்மா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

டயருக்குக் கழித்ததும் கையில் இருந்த தொகைக்குள் விலை வந்து உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை பேப்பர் வேலைகள் முடிந்து வண்டி எங்கள் வரிசைக்கு வந்தபோது எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. நிறத்தைப் பார்த்து ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் கடுகு டப்பா என்றார். டிரைவர் காது கேட்காதவர் போல ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கூரையைத் துடைக்க அவருக்கு ஏணி வேண்டியிருக்கவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை அவர்கள் மத்தியான ஷிப்டுக்கு மாற்றி வாங்கியிருந்தார்கள். இனி தினமும் அப்படித்தான் என்று ஏற்பாடு. சாயங்காலம் நட்டு வண்டியை எடுத்துப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் கடையில் அரை நாள் லீவு சொன்னேன். எனக்கென்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. பெரியவள் நீல நிறச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தாள். வாசலில் அவளே ஏறினாள். டிரைவர் நாற்காலியை மடக்கினார்.

"நாற்காலிய எவ்வளவு வேணும்னாலும் தூக்குங்கப்பா" என்றாள் அவள். "அதுக்கு மானம் கிடையாது."

அவர் சிரித்துக்கொண்டே பின் கதவைத் தூக்க, கண்டக்டரம்மா துடைப்பக் கட்டையை முட்டுக்கொடுத்தாள். நாற்காலி பன் தட்டுகள் இருந்த இடத்தில் போய்ப் பொருந்திக்கொண்டது.

மழை விட்டிருந்தது. பாலத்தைத் தாண்டும்போது ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. எங்களுக்கு முன்னால் அவர்களுடைய பஸ்ஸே போய்க்கொண்டிருந்தது, வேறொரு ஜோடியின் கையில். தொழிற்சாலை வாசலில் பஸ் நின்று ஆட்களை இறக்கியது. அதன் பின்னால் டிரைவர் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார். நடைமேடைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் கடுகு நிறத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கண்டக்டரம்மா நாற்காலியைக் கொண்டுவந்து விரித்துக் கதவருகே வைத்துவிட்டு, சொல்லி வைத்தபடி, பின் சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பெரியவள் பலகையை வைத்தாள். கதவின் விளிம்பில் கையைக் கொடுத்தாள். டிரைவர் ஸ்டேரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்திருந்த பிடியில் நரம்பு புடைத்தது. அவள் பக்கம் அவர் திரும்பவில்லை. முன்னால் இருந்த பஸ்ஸின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணாடியில் அவர் கண்கள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். பெரியவள் எம்பினாள், வழுக்கினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். கால்களை எடுத்து வைத்தாள். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண், "லென்ஸ் செக்ஷனா? நானும் அங்கதான். வாங்க, வழி காட்டுறேன்" என்றாள். யாரும் ஒதுங்கவில்லை, யாரும் எதையும் தடவவில்லை.

நாங்கள் கிளம்பவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஏதோ சினிமா பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார்கள். என் கண்ணிலும் ஈரம், மறைக்க என்ன இருக்கிறது. பெரியவள் அந்தப் பெண்ணோடு கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போனவள் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் அங்கேயே நிற்பதைப் பார்த்ததும் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். ஏதோ மறந்துவிட்டாள் என்று கண்டக்டரம்மா கதவைத் திறக்கப் போனாள்.

பெரியவள் ஜன்னலுக்கு வரவில்லை. வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினாள்.

கிளட்ச் இறங்கியது, கியர் விழுந்தது, வண்டி கிளம்பிவிட்டது. பஸ்ஸைச் சுற்றி அகலமாக வளைத்து ரோட்டுக்கு வந்து, பாலத்தில் பாதி போன பிறகுதான் டிரைவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தது.

"அவ உள்ள போறவரைக்கும் நிக்கலாம்னு இருந்தேன்டி" என்றார்.

"ரைட் குடுத்ததுக்கப்புறம் எப்படிங்க நிக்க முடியும்?" என்றாள் கண்டக்டரம்மா.